தொடக்க வரிசையில் ஓர் இத்தாலியன் குறைவு

1

திருத்தணியிலிருந்து வெளிவரும் சிற்றிதழ் ஒன்றின் ஆசிரியர், என் பள்ளித் தோழர், சென்ற மாதம் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார். நான் முப்பத்தேழு ஆண்டுகளாக இத்தாலியில் வசிப்பவன். அதிலும் பந்தயக் கார்கள் உருவாகும் வடபகுதிச் சமவெளியில் வசிப்பவன். பற்சக்கரங்கள் எந்த அழுத்தத்தில் விரிசல் காணும் என்று சோதித்துச் சொல்லும் ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். ஆகவே, உலகின் உச்சநிலைக் கார்ப் பந்தயத்தில் இத்தாலிய ஓட்டுநர்கள் ஏன் அருகிப்போனார்கள் என்பதை நான் விளக்கினால் பொருத்தமாக இருக்கும் என்று அவர் கருதினார்.

எழுதினேன். தொடக்க காலத்தில் உலகப் பட்டம் வென்ற நாடு அது. பிற்காலத்தில் வென்றார்களோ இல்லையோ, தொடக்க வரிசையில் எங்கு நோக்கினும் இத்தாலியப் பெயர்களாக இருந்த பருவங்கள் உண்டு. பின்னர் ஒருவர்கூட இல்லாத பருவங்களும் வந்தன. இப்போது மீண்டும் ஓர் இளைஞர் தோன்றியிருக்கிறார். நாடே அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இடையில் நேர்ந்த வறட்சிக்கு நான்கு காரணங்களைக் கூறினேன். சிறு வயதில் ‘கார்ட்’ எனப்படும் குட்டிப் பந்தய வண்டி ஓட்டிப் பழகுவதற்கான செலவு நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டாமல் போனது. தம் ஊர்ப் பிள்ளைகளுக்கு முதல் வாய்ப்பளித்துவந்த சிறிய இத்தாலிய அணிகள் விலைபோயின அல்லது மறைந்தன. நாட்டின் பெருமையான, சிவப்பு நிறக் கார்களை ஓட்டும் அந்தப் பெரிய அணி, கார் வெல்ல வேண்டும் என்று பார்த்ததே தவிர, ஓட்டுபவன் எந்த ஊரான் என்று பார்க்கவில்லை. நான்காவதாக, விளம்பரதாரர்கள் வேறு நாடுகளையும் வேறு விளையாட்டுகளையும் நாடிச் சென்றனர்.

கட்டுரையை அனுப்புமுன் தாமுவிடம் படிக்கக் கொடுத்தேன். தாமு என் மனைவி ரேணுகாவின் தம்பி. பள்ளிப்பட்டில் பன்னிரண்டு விசைத்தறிகள் வைத்திருக்கிறார். தறிச்சத்தத்துக்கு நடுவிலும் கைப்பேசியில் பந்தயம் பார்ப்பவர். ரேணுகாவின் தலைத்திவசத்துக்காக நான் இரண்டு வாரம் முன்னதாகவே திருத்தணிக்கு வந்து, அரக்கோணம் சாலையிலுள்ள எங்கள் வீட்டில் தங்கியிருந்தேன். அவர் தினமும் வந்துபோனார்.

“எல்லாம் கரெக்டா கீது பாவா. காலேஜு வாத்தியாரு எழுதுன மாதிரி கீது,” என்றார். பிறகு தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார். “ஆனா நம்ம தணிகை எங்க?”

“இதில் என் மகனுக்கு என்ன இடம்?”

“இன்னா பாவா இப்டி கேக்கறீங்க? அவன் ஓட்டுனான்ல? அக்கா போட்டோ அனுப்பும். அவன் ஹெல்மெட்டு போட்டுகினு, அக்கா மூஞ்செல்லாம் கரி பூசிகினு. இத்தாலில ஏன் ஆளு இல்லன்னு இவ்ளோ எழுதறீங்க. கையில இருந்த ஒரு ஆள வுட்டுட்டீங்களே!”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஐந்தாவது காரணம் ஒன்று உண்டு. அது சிறியது, ஒரே ஓட்டுநரைப் பற்றியது, என்னைத் தவிர வேறு யாரும் அதை எழுத இயலாது. ஆனால் அச்சில் வருமுன் அதை என் மகனிடம் நான் நேரில் சொல்லியாக வேண்டும். இருபது ஆண்டுகளாகச் சொல்லவில்லை. தாயின் திவசத்துக்காக அவன் இன்னும் மூன்று நாட்களில் வரவிருந்தான்.

2

கார்ட் என்பது முழங்கால் உயரம்கூட இல்லாத வண்டி. கூரை இல்லை, கதவு இல்லை. தரையை உரசியபடி பறக்கும். அதன் சட்டமும் எஞ்சினும் டயரும் எங்கள் வீட்டிலிருந்து சில மணி நேரப் பயணத்துக்குள் தயாராகின்றன. உலகெங்கிலுமிருந்து பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கு வந்து, வாடகைக்கு வீடு பிடித்துத் தங்கி, ஓட்டக் கற்பித்து, பட்டம் வெல்லும் ஓட்டுநர்களாகத் திரும்ப அழைத்துச் செல்கிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். இதை எனக்குச் சொன்னவர், தணிகை ஓட்டப் பழகிய திடலில் இருந்த புருனோ என்ற முதிய மெக்கானிக். “நாங்கள் உலகத்துக்கே மாவு அரைத்துக் கொடுக்கிறோம், பேராசிரியரே, எங்கள் வீட்டில்தான் ரொட்டி இல்லை,” என்பார். நான் பேராசிரியர் அல்லன். திருத்தியதும் இல்லை.

அங்கே ஒரு வழக்கம்: பிள்ளை ஓட்டுவான், தந்தை மெக்கானிக்காக இருப்பார். தந்தைதான் வண்டியைத் தள்ளிவிடுவார், சங்கிலிக்கு எண்ணெய் இடுவார், தோற்றால் பிள்ளையைத் திட்டுவார். எங்கள் குடும்பத்தில் அந்த வேலையை ரேணுகா செய்தாள். உலோகவியலில் முனைவர் பட்டம் பெற்ற நான் வீட்டில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

அவள் விசைத்தறிகளுக்கு நடுவே வளர்ந்தவள். எட்டுத் தறி ஓடும்போது, எந்தத் தறியில் இழை அறுந்தது என்பதை அடுத்த அறையிலிருந்தே சொல்லிவிடுவாள். அதே காதை எஞ்சினுக்குக் கொடுத்தாள். “தொண்ட வறண்டு கத்துது, பெட்ரோலு பத்தல,” என்று கார்புரேட்டரின் திருகைக் கால் சுற்றுத் திருப்புவாள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டி, “நம்மூரு டீக்கட டீ நிறம் வரணும், இது வெள்ளையா கீது,” என்பாள். புருனோவுக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் அவள் திருகைத் தொட்டால் அவர் தடுத்ததில்லை.

தணிகையின் முதல் பந்தயத்தன்று அவள் கைப்பையில் நான்கு எலுமிச்சம்பழங்கள் இருந்தன. நம் ஊரில் புது வண்டியை மலையடிவாரத்துக்குக் கொண்டுவந்து, சக்கரங்களின் கீழ் எலுமிச்சை வைத்து நசுக்கிவிட்டுத்தானே ஓட்டுவோம்? அவளும் அதையே செய்தாள். கார்ட் டயர்களில் எந்தத் திரவத்தையும் தடவுவது பெருங்குற்றம் என்பது அவளுக்குத் தெரியாது. பிடிப்பு அதிகரிக்க ரசாயனம் பூசி ஏமாற்றுபவர்கள் உண்டு. அதற்கெனவே சோதனை அதிகாரிகள் உண்டு. ஓர் அதிகாரி ஓடிவந்தார். டயரை முகர்ந்தார். என்ன ரசாயனம் என்று இத்தாலிய மொழியில் உரத்துக் கேட்டார். ரேணுகா, பிழிந்துபோன தோலை உள்ளங்கையில் ஏந்தி, “முருகா, முருகா” என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

நான் இருபது அடி தள்ளி, காப்பிக் கடை மேசையருகே நின்றிருந்தேன். அன்று தற்செயலாக என் ஆய்வுக்கூடத்து மேலாளரும் தம் பிள்ளையுடன் வந்திருந்தார். அவர் அந்தக் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “உங்கள் நாட்டுக் குடும்பமா?” என்று கேட்டார்.

“அப்படித்தான் தெரிகிறது,” என்றேன்.

புருனோதான் போய், அந்தத் தோலை வாங்கி, தாமே ஒரு கடி கடித்துக் காட்டி, “எலுமிச்சை ஐயா! மீனுக்குப் பிழிவீர்களே, அதுதான்!” என்றார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். டயரை மாற்றச் சொல்லி, தணிகையைக் கடைசி இடத்திலிருந்து தொடங்க வைத்தார்கள். அவன் ஆறாவதாக வந்தான். அதன்பின் புருனோவின் கருவிப்பெட்டியில் எப்போதும் ஓர் எலுமிச்சை கிடக்கும்.

வீடு திரும்பும் வழியில் ரேணுகா ஒன்றே ஒன்று சொன்னாள்: “அடுத்த தபா எலுமிச்ச வேணாங்க. விபூதி போதும்.” நான் காப்பிக் கடையருகே நின்றதை அவள் பார்த்தாளா என்று நான் கேட்கவில்லை.

3

தணிகைக்குப் பதினான்கு வயதானபோது, தேசிய அளவில் இளையோரைத் தேர்ந்து பயிற்றுவிக்கும் திட்டம் ஒன்றுக்கு அவன் பெயரைப் புருனோ பரிந்துரைத்தார். இத்தாலிய ஓட்டுநர்கள் அருகிவருகிறார்கள் என்ற கவலையில் தொடங்கப்பட்ட திட்டம் அது. ஆகவே, குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும். தணிகை அந்நாட்டிலேயே பிறந்தவன். எனினும் அந்நாட்டுச் சட்டப்படி வெளிநாட்டவரின் பிள்ளை பதினெட்டு வயதில்தான் கேட்டுப்பெற முடியும். அதற்குமுன் ஒரே வழி, தந்தையோ தாயோ குடியுரிமை ஏற்பது. உடன் வாழும் பிள்ளைக்கு அது தானாகவே வந்துவிடும். விண்ணப்பிப்பவர் வருமானம் காட்ட வேண்டும்; ரேணுகாவுக்குத் தனி வருமானம் இல்லை. விண்ணப்பம் என் பெயரில் இருந்தது. அவளுடைய வற்புறுத்தலால் சில ஆண்டுகளுக்கு முன்பே கொடுத்திருந்தேன்.

ஒப்புதல் கடிதம் வசந்த காலத்தில் பதிவுத் தபாலில் வந்தது. கையெழுத்திட்டு வாங்கியவன் நான். ஆறு மாதத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் உறுதிமொழி எடுக்க வேண்டும். தவறினால் ஆணை காலாவதியாகும் என்றிருந்தது. கடிதத்தை ஆய்வுக்கூடத்து மேசை இழுப்பறையில், உலோகச் சோர்வு பற்றிய தடித்த நூல் ஒன்றின் நடுவே வைத்தேன். ரேணுகா கேட்டபோது, “இன்னும் வரவில்லை; அவர்கள் அலுவலகம் அப்படித்தான்,” என்றேன்.

இந்தியக் கடவுச்சீட்டை இழக்க மனமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யன்று, ஆனால் அது காரணமும் அன்று. மகன் பொறியியல் படிக்க வேண்டும் என விரும்பினேன். மனைவி கரிபூசிய முகத்துடன் என் மேலாளர் கண்ணில் படக்கூடாது என விரும்பினேன். வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லும் துணிவு எனக்கில்லை. எனக்காக ஓர் அரசாங்கத் தாமதம் அதைச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவள் விடவில்லை. பேருந்து பிடித்து மாவட்டத் தலைநகருக்குப் போய், அரசு அலுவலகக் கவுண்டரில் வரிசையில் நின்றாள். அவளுடைய இத்தாலிய மொழி பந்தயத்திடலில் கற்றது. பிஸ்டனுக்கும் சங்கிலிக்கும் சொல் தெரியும், புருனோவின் வசவுகள் அனைத்தும் தெரியும். விண்ணப்பத்துக்கும் ஆணைக்கும் தெரியாது. மொழிபெயர்க்கத் தணிகையை அழைத்துக்கொண்டு போவாள். விண்ணப்பதாரரிடம் மட்டுமே சொல்ல முடியும் என்று ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பினார்கள். “உங்களையே வரச் சொல்றாங்க,” என்பாள். “போகிறேன்,” என்பேன்.

இலையுதிர் காலத்தில் அவள் போவதை நிறுத்தினாள். அதன்பின் சில வாரங்கள், மாலையில் எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு எதிரே வந்து அமரும் பழக்கத்தை மேற்கொண்டாள். கார்ட் வேலையில் அவளுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று எண்ணினேன். எனக்கு மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. செய்தித்தாளில் உள்ளவற்றை அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். ஆறு மாதம் முடிந்தது. தேர்வில் தணிகையின் இடத்துக்கு வேறொரு பையன் போனான். குளிர்காலத்தில் கார்ட்டை விற்றோம்.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான், உச்சப் பந்தயத்தில் ஓர் இத்தாலியர்கூட இல்லாத பருவம் வந்தது. தொலைக்காட்சியில் அறிவிப்பாளர் அதைத் துக்கச் செய்திபோலச் சொன்னார். நான் எழுந்து ஒலியைக் குறைத்தேன்.

4

தணிகை பொறியியல் படிக்கவில்லை. அந்தச் சமவெளியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான். உறவினர்கள் கேட்கும்போது, “மருத்துவத் துறையில் இருக்கிறான்,” என்று சொல்லி வந்திருக்கிறேன். ஆகவே திருத்தணியில் அவன் டாக்டர். எனக்கும் அவனுக்கும் இடையே தொலைபேசியில் நான்கு நிமிடங்களுக்கு மேல் பேச்சு நீண்டதில்லை. அதில் இரண்டு நிமிடம் வானிலை.

பதினெட்டு வயதில் தானே போய்க் குடியுரிமை பெற்றுக்கொண்டான். நான் இன்றுவரை பெறவில்லை. சென்னை விமான நிலையத்தில் அவனை அழைத்துவரத் தாமுவுடன் சென்றேன். அவன் வெளிநாட்டவர் வரிசையில் நின்று வர நேரமாயிற்று.

“ஆபீசரு பாஸ்போர்ட்ட திருப்பித் திருப்பிப் பாக்கறாரு மாமா,” என்று காரில் ஏறியதும் தாமுவிடம் சொன்னான். “பேரு தணிகைவேல், பாஸ்போர்ட்டு இத்தாலி, தமிழு எங்க கத்துக்கினன்னாரு. பள்ளிப்பட்டுன்னேன். ‘பள்ளிப்பட்டுக்கே போயிருக்க மாட்ட, பொய் சொல்லாத’ன்றாரு.”

தாமு சிரித்ததில் கார் ஆடியது. அவன் பேசுவது முழுக்க ரேணுகாவின் தமிழ். என் தமிழ் அவனிடம் ஒரு சொல்லும் இல்லை. என்னை நைனா என்று அழைப்பதும் அவள் பழக்கியதே.

“டாக்டரு தம்பி, எனக்கு முட்டி வலிக்குதுப்பா,” என்றார் தாமு.

“நான் டாக்டரு இல்ல மாமா. உங்கள வேகமா ஆஸ்பத்திரிக்கு கொண்டும் போவேன், அவ்ளோதான்.”

தாமு கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன்.

5

திவசம் நல்லபடியாக முடிந்தது. புரோகிதர் சொன்னபடியெல்லாம் தணிகை பிசகாமல் செய்தான். உண்டு முடித்து உறவினர் கலைந்தபின், பிற்பகலில் அவன் மொட்டைமாடிக்குப் போய் மலையைப் பார்த்து நின்றான். ஓய்வுபெற்ற நாளிலிருந்து என் பயணப்பெட்டியின் அடியிலேயே கிடந்த அந்த ஒப்புதல் கடித உறையை எடுத்துக்கொண்டு சென்றேன்.

“இது உன்னிடம் இருக்க வேண்டியது,” என்றேன். “இருபது ஆண்டுகளுக்கு முன் வந்தது.”

அவன் உறையைப் பார்த்தான். அரசாங்க முத்திரையைப் பார்த்தான். பிரிக்கவில்லை.

“தெரியும் நைனா,” என்றான்.

ரயில் ஒன்று அரக்கோணம் நோக்கிப் போயிற்று. அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

“கடசி தபா போனப்போ கவுண்டர்ல வேற ஒரு அம்மா இருந்துச்சு. ஸ்கிரீனப் பாத்துச்சு, அம்மாவப் பாத்துச்சு. ‘வீட்ல கேளுங்க. சீக்கிரம் கேளுங்க, இந்த மாசத்துக்குள்ள’ன்னு சொல்லிச்சு. நான்தான் தமிழ்ல சொன்னேன். அம்மா இன்னொரு தபா சொல்லச் சொல்லிச்சு. சொன்னேன்.”

“அதன்பின் அவள் என்னிடம் கேட்கவே இல்லையே.”

“பஸ் ஸ்டாப்ல நான்கூட குதிச்சேன். வா, இப்பவே போய் நைனாவக் கேக்கலாம்னேன். ‘நீ கேக்காத, நானும் கேக்க மாட்டேன். கேட்டா அவுருக்கு வெக்கமா பூடும். அவுரே சொல்லட்டும்’னுச்சு.” அவன் உறையை என் கையிலேயே திரும்ப வைத்தான். “ஒரு மாசம் டைம் இருந்துச்சு நைனா. தெனமும் சாயங்காலம் காபி குடுத்துட்டு, உன் எதுருலயே உக்காந்துகினு இருக்கும். ஞாபகம் கீதா?”

“ஆம்,” என்றேன். “நான் செய்தித்தாள் படித்துக் காட்டினேன்.”

“ஆங். படிச்ச.”

பிறகு, கேட்கத் தகாத ஒன்றைக் கேட்டேன். அந்த இடம் கிடைத்திருந்தால் அவன் உச்சம் வரை போயிருப்பானா என்று.

“யாரு கண்டா. மழையில நல்லா ஓட்டுவேன், வெயில்ல சுமாரு. என்ன மாதிரி நூறு பேரு. ரேஸ வுடு நைனா. அதுக்காவ நான் உன் கூட பேசாம இல்ல. அந்த ஒரு மாசத்துக்காவத்தான்.”

இருபது ஆண்டுகளாக நான் எதற்காக வெட்கப்பட வேண்டும் என்பதைக்கூடத் தவறாகக் கணக்கிட்டிருந்தேன். ஒரு மகனின் வாய்ப்பைக் கெடுத்தவன் என்றே என்னை எண்ணி வந்தேன். எதிரே முப்பது மாலைகள் ஒருத்தி வாய் திறக்காமல் காத்திருந்தாள். அவள் வேண்டியதெல்லாம் ஒரு வாக்கியம். மொழியில் எனக்கிருந்த தேர்ச்சி அதற்கு உதவவில்லை.

இதை எழுதி வெளியிடலாமா என்று கேட்டேன்.

“எழுதிக்கோ. அம்மா பேரப் போடு. ஓரமா ஒளிச்சி வெக்காத.”

ரேணுகா. அவள் பெயர் ரேணுகா. பள்ளிப்பட்டுக்காரி, கார்ட் மெக்கானிக்.

6

வீட்டில் சாவு நேர்ந்தால் ஓராண்டு மலைக்கோயில் ஏறுவதில்லை என்பது நம் பக்கத்து வழக்கம். ஆண்டு முடிந்ததால் மறுநாள் காலை மூவரும் ஏறி இறங்கினோம். தாமு நூல் ஏற்றுவதற்காகச் சிறு சரக்கு வண்டி ஒன்று வாங்கி, அக்காவின் வருஷம் முடியட்டும் என்று பூசை போடாமலே வைத்திருந்தார். அதை அடிவாரத்துக்குக் கொண்டுவந்திருந்தார். மாலை, கற்பூரம், சந்தனம் எல்லாம் ஆயிற்று.

“தணிகை, நீதான்டா எடுக்கணும். ரேஸ்காரன் கை பட்டாத்தான் வண்டி ஓடும்,” என்றார்.

“மாமா, பின்னால யாராச்சும் படுத்துகினு இருந்தாத்தான் எனக்கு வேகமா ஓட்டத் தெரியும்,” என்று சொல்லிக்கொண்டே தணிகை ஏறி அமர்ந்தான்.

தாமு மூன்று சக்கரங்களுக்கு எலுமிச்சை வைத்துவிட்டு நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றவரிடம் நான் கை நீட்டி வாங்கினேன். பின்சக்கரத்தின் அருகே, நனைந்த தரையில் குந்தி அமர்ந்தேன்.

“ஐயா, வேட்டி கரியாயிடும், எய்ந்திருங்க,” என்றான் பூக்காரன்.

கூட்டத்திலிருந்து ஒருவர் குனிந்து பார்த்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்; என்னைவிட ஓரிரு வயது மூத்தவர்; என் படிப்பைப் பற்றி ஊரெல்லாம் சொல்பவர். “நீங்களா! இங்க இன்னா பண்றீங்க? அந்தப் பையன் யாரு, உங்களுக்குத் தெரிஞ்சவனா?”

“என் மகன்,” என்றேன். “இத்தாலியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான்.”

பழத்தைச் சக்கரத்தோடு ஒட்டி வைத்தேன். அது உருண்டது. மீண்டும் வைத்து, விரலால் பிடித்துக்கொண்டேன்.

“நைனா, கையெடு,” என்றான் தணிகை, சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி. எஞ்சினை முடுக்கியவன் உடனே நகர்த்திவிடவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து அதன் சத்தத்தைக் கேட்டான். அவன் தாய் கேட்பதுபோல. நான் கையை எடுத்தேன்.